'இஃப்' வாக்கியங்களில் நடவாததைச் சொல்வது எப்படி: ஆங்கில சப்ஜங்டிவ் வினைக்கு ஒரு வழிகாட்டி

செட்டிநாட்டில் பூட்டிக் கிடக்கும் ஒரு பூர்வீக வீட்டைப் பற்றி வெளியூர்க்காரர் விசாரித்தால், பெரும்பாலும் அவருக்குக் கிடைக்கும் பதில் "பங்காளிகள் எல்லாரும் சம்மதித்தால் கொடுத்துவிடலாம்" என்பதாக இருக்கும். பங்காளிகள் சம்மதிப்பார்கள் என்று சொல்பவர் நம்புகிறாரா, அல்லது ஒருவர் சென்னையிலும் ஒருவர் சிங்கப்பூரிலும் இருக்கும் நிலையில் அது நடக்கிற காரியமில்லை என்று நயமாகத் தட்டிக் கழிக்கிறாரா என்பதை 'சம்மதித்தால்' என்ற வினை காட்டிக்கொடுப்பதில்லை. குரலிலிருந்தும் முகத்திலிருந்தும் நாம் அதைப் புரிந்துகொள்கிறோம்.

அதே பதிலை ஆங்கிலத்தில் மின்னஞ்சலாக அனுப்பும்போது குரலும் முகமும் உடன் செல்வதில்லை. "இஃப் தி கசின்ஸ் அக்ரீ, வீ வில் செல் தி ஹவுஸ்" என்று எழுதினால், பேச்சுவார்த்தை நடக்கிறது, முடிந்துவிடும் என்று எண்ணி அவர் முன்பணத்தோடு கிளம்பி வரக்கூடும். "இஃப் தி கசின்ஸ் அக்ரீட், வீ வுட் செல் தி ஹவுஸ்" என்று எழுதினால், இப்போதைக்குச் சம்மதம் இல்லை என்று விளங்கிக்கொண்டு வேறு வீடு பார்ப்பார். முதல் வாக்கியம் நிபந்தனையைத் திறந்து வைக்கிறது. இரண்டாவது, அது உண்மை நிலைக்குப் புறம்பானது அல்லது நடக்க வாய்ப்புக் குறைந்தது என்று வினை வடிவத்தாலேயே சொல்லிவிடுகிறது. இப்படி உண்மைக்குப் புறம்பான நிலையைக் குறிக்க ஆங்கிலம் பயன்படுத்தும் வினை வடிவத்தைத்தான் மரபிலக்கணம் சப்ஜங்டிவ் என்று அழைக்கிறது.

கானாடுகாத்தானிலும் காரைக்குடியிலும் விடுதிகளாக மாறியுள்ள பழைய வீடுகளில் வரவேற்பு மேசையில் அமர்பவர்கள், வீடுகளைச் சுற்றிக் காட்டும் வழிகாட்டிகள், முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் விற்பவர்கள், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் மாணவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் தந்திருப்பதால், ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தபின் ஆங்கில எழுத்தில் ஒரு நோட்டில் எழுதிக்கொள்வது நல்லது.

முதல் வேலை: வாய் திறக்குமுன் முடிவு செய்யுங்கள்

பள்ளியில் நாம் எல்லாரும் ஒரு வாய்பாட்டை மனப்பாடம் செய்திருக்கிறோம்: இஃப் பகுதியில் நிகழ்காலம் வந்தால் மறுபகுதியில் 'வில்', இறந்தகாலம் வந்தால் 'வுட்', பாஸ்ட் பெர்ஃபெக்ட் ('ஹேட்' சேர்ந்த வினை) வந்தால் 'வுட் ஹேவ்'. வாய்பாட்டில் பிழை இல்லை. ஆனால் பாதி வாக்கியத்தைக் கொடுத்து மீதியை நிரப்பச் சொல்லும் தேர்வுக்குத்தான் அது உதவும். முழு வாக்கியத்தையும் நாமே அமைக்க வேண்டிய இடத்தில், மூன்றில் எதை எடுப்பது என்று அது சொல்வதில்லை. பல ஆண்டுகள் ஆங்கிலம் படித்தவர்கள்கூட விருந்தினர் முன்னால் தடுமாறுவதற்கு இதுவே காரணம் என்பது என் கருத்து.

ஆகவே 'இஃப்' என்று தொடங்குவதற்கு முன்னால், இந்த நிபந்தனை உண்மையில் நடக்கக்கூடியதா, அல்லது நடக்காத ஒன்றை நடந்ததாக வைத்துக்கொண்டு பேசுகிறோமா என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். நடக்காதது என்றால், அது இப்போதைய நிலையா, முடிந்துபோன செய்தியா என்பதையும் பாருங்கள். இந்த இரண்டுக்கும் விடை தெரிந்துவிட்டால் வினை வடிவம் தானாக வந்து சேரும்.

நடக்கக்கூடிய நிபந்தனை: இங்கே சப்ஜங்டிவ் வேண்டாம்

மழை வரலாம், வராமலும் போகலாம் என்ற நிலையில், "இஃப் இட் ரெய்ன்ஸ், வீ வில் சர்வ் டின்னர் இன்சைட்" என்பதே சரி. எப்போதும் உண்மையாக இருக்கும் செய்திக்கு இரு பகுதியிலும் நிகழ்காலம் போதும். ஆத்தங்குடிக் கல் செய்யும் பட்டறையில் நின்றுகொண்டு, கண்ணாடியின் மேல் வண்ணக் கலவையை ஊற்றினால் கல்லின் முகம் வழவழப்பாக வரும் என்று விளக்கும்போது, "இஃப் யூ போர் தி கலர் ஆன் கிளாஸ், தி டைல் கம்ஸ் அவுட் ஸ்மூத்" என்று சொன்னால் முடிந்தது.

நம்மவர்கள் இங்கே செய்யும் பிழை ஒன்றுதான்: எதிர்காலச் செய்தி என்பதால் இஃப் பகுதியிலும் 'வில்' போட்டு, "இஃப் இட் வில் ரெய்ன்" என்று சொல்லிவிடுவது. இந்த இடத்தில் 'வில்' வராது. "இஃப் யூ வில் வெயிட் எ மினிட், சார்", "இஃப் யூ வுட் வெயிட் எ மினிட், மேடம்" என்பவை விதிவிலக்கு. அங்கே 'வில்', 'வுட்' இரண்டும் காலத்தைக் குறிக்காமல், அன்புகூர்ந்து காத்திருக்கிறீர்களா என்ற விருப்பத்தைக் கேட்கின்றன. வரவேற்பு மேசையில் இருப்பவர்கள் இந்த வடிவத்தைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

இப்போது இல்லாத நிலை: 'வேர்' வரும் இடம்

லிஃப்ட் இல்லாத பழைய வீடு. வயதான விருந்தினர் மாடிப்படியைப் பார்த்துத் தயங்குகிறார். "லிஃப்ட் இருந்தால் வசதியாக இருக்கும்" என்று தமிழில் சொல்கிறோம். லிஃப்ட் இல்லை என்பது இருவர் கண்ணுக்கும் தெரியும். ஆங்கிலத்தில் இது "இஃப் தேர் வேர் எ லிஃப்ட், இட் வுட் பீ ஈஸியர் ஃபார் யூ" என்றாகும். லிஃப்ட் ஒருமை; காலம் நிகழ்காலம். அப்படியிருக்க, பன்மைக்கும் இறந்தகாலத்துக்கும் உரிய 'வேர்' இங்கே ஏன் வந்தது என்ற கேள்வி எழுவது இயல்பு.

காலத்தை முதலில் பார்ப்போம். இறந்தகால வடிவத்தைக் கொண்டு இறந்தகாலம் அல்லாததைச் சொல்வது தமிழருக்குப் புதிதன்று. 'நாளை வந்தால்' என்ற தொடரில் இருக்கும் 'வந்தால்' என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள்: 'வந்தான்', 'வந்தாள்' என்ற இறந்தகால வினைகளில் உள்ள அதே 'வந்த்' என்ற அடிதான் அதிலும் இருக்கிறது, அதோடு 'ஆல்' சேர்ந்திருக்கிறது. போனால், செய்தால், கேட்டால் ஆகிய எல்லாமே அப்படித்தான். நாளைய வருகையைச் சொல்ல நாமே இறந்தகால அடியைப் பயன்படுத்தும்போது, ஆங்கிலம் 'வேர்', 'அக்ரீட்', 'ஹேட்' என்று சொல்வதில் வியக்க ஒன்றுமில்லை. வேறுபாடு என்னவென்றால், நாம் எல்லா நிபந்தனைகளுக்கும் அந்த அடியையே வைத்துக்கொள்கிறோம். ஆங்கிலம் நடவாததற்கு மட்டும் அதை ஒதுக்கி வைத்திருக்கிறது.

இனி ஒருமைக்கு 'வேர்' வருவதைப் பார்ப்போம். பழைய ஆங்கிலத்தில் உண்மை நிலையைச் சொல்லும் வினைக்கும் கருதிக்கொள்ளும் நிலையைச் சொல்லும் வினைக்கும் தனித்தனி ஈறுகள் இருந்தன. காலப்போக்கில் அந்த ஈறுகள் தேய்ந்து ஒன்றாகிவிட்டன. இறந்தகால வடிவத்தில் அந்த வேறுபாடு இன்று கண்ணுக்குத் தெரிவது 'பீ' என்ற ஒரே வினையில்தான்: ஐ, ஹீ, ஷீ, இட் ஆகியவற்றோடு வழக்கமாக 'வாஸ்' வரும் இடத்தில், கருதிக்கொள்ளும் நிலைக்கு மட்டும் 'வேர்' நிற்கிறது. மற்ற வினைகளுக்கெல்லாம் சாதாரண இறந்தகால வடிவமே போதுமானதால், புதிதாக மனத்தில் பதிக்க வேண்டியது இந்த ஒரு சொல் மட்டுமே.

'இஃப் ஐ வாஸ்' என்று சொல்வது தவறா என்று பலர் கேட்கிறார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே பேச்சில் அப்படிச் சொல்கிறார்கள். அதைக் கேட்டு யாரும் முகம் சுளிப்பதில்லை. ஆனால் தேர்வுத் தாளிலும் அலுவலகக் கடிதத்திலும் 'வேர்' எழுதுவதே பாதுகாப்பு. "இஃப் ஐ வேர் யூ" என்ற தொடரை மட்டும் பேச்சிலும் மாற்றாமல் இருப்பது நல்லது என்பேன். அது அப்படியே உறைந்து நிலைத்துவிட்ட தொடர்.

அந்தத் தொடரை நம் ஊரில் தொழில் செய்பவர்கள் இன்னும் அதிகமாகப் பயன்படுத்தலாம். ஆத்தங்குடிக்கு எப்போது போகலாம் என்று விருந்தினர் கேட்டால், "யூ மஸ்ட் கோ இன் தி மார்னிங்" என்று சொல்லும் பழக்கம் நமக்கு உண்டு. தமிழில் "காலையிலேயே போய்விட வேண்டும்" என்று அக்கறையோடு சொல்வது ஆங்கிலத்தில் ஆணையாக ஒலித்துவிடுகிறது. "இஃப் ஐ வேர் யூ, ஐ வுட் கோ இன் தி மார்னிங், பிஃபோர் இட் கெட்ஸ் ஹாட்" என்று சொன்னால், உங்கள் இடத்தில் நான் இருந்தால் இப்படிச் செய்வேன் என்ற ஆலோசனையாக அது அமைகிறது. முடிவை எடுக்கும் உரிமை கேட்டவரிடமே இருக்கிறது.

எதிர்காலத்தில் நடக்க வாய்ப்புக் குறைந்த ஒன்றை அல்லது யோசனையளவில் முன்வைக்கும் ஒன்றைச் சொல்ல 'வேர் டு' என்ற வடிவம் கைகொடுக்கும். திருமணத்துக்காக வளவு (வீட்டின் நடுமுற்றம்) முழுவதையும் ஒருவர் கேட்கிறார். கொடுப்பதாக நீங்கள் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. "இஃப் வீ வேர் டு கிவ் யூ தி ஹோல் கோர்ட்யார்ட், ஹவ் மெனி கெஸ்ட்ஸ் வுட் யூ பிரிங்?" என்று கேட்டால் வாக்குக் கொடுக்காமலேயே பேச்சைத் தொடரலாம். பேரம் பேசுபவருக்கு இதைவிடப் பயனுள்ள வடிவம் ஆங்கிலத்தில் குறைவு. 'நோ', 'லைக்', 'பிலாங்' போன்று நிலையைக் குறிக்கும் வினைகளோடு மட்டும் இதைச் சேர்க்க வேண்டாம்.

'இஃப்' கண்ட இடமெல்லாம் 'வேர்' போடாதீர்கள்

'வேர்' கற்றுக்கொண்டவர்கள் அடுத்துச் செய்யும் பிழை, 'வாஸ்' சரியாக நிற்கும் இடத்திலும் அதைத் திருத்திவிடுவது. இரண்டு இடங்களில் எச்சரிக்கை தேவை.

நேற்று இங்கே தங்கியதாக ஒருவர் தொலைபேசியில் சொல்கிறார். உங்களுக்கு அது தெரியாது, உண்மையாகவும் இருக்கலாம். "இஃப் ஹீ வாஸ் ஹியர் யெஸ்டர்டே, ஹிஸ் நேம் வில் பீ இன் தி ரெஜிஸ்டர்" என்பதே இங்கே பொருத்தம். இது இறந்தகாலத்தைப் பற்றிய திறந்த நிபந்தனை. அவர் வரவே இல்லை என்று நீங்கள் தீர்மானித்துவிடவில்லை. ஏட்டைப் புரட்டிப் பார்க்கப் போகிறீர்கள். இங்கே வரும் 'வாஸ்' உண்மையாகவே நேற்றைக் குறிப்பதால் அதை மாற்றக்கூடாது.

இன்னொன்று, 'இஃப்' என்பது 'ஆ' என்ற வினா எழுத்தின் வேலையைச் செய்யும் இடம். "அறை தயாரா என்று கேட்டார்" என்பது "ஹீ ஆஸ்க்ட் இஃப் தி ரூம் வாஸ் ரெடி" என்றே வரும். தமிழில் 'ஆல்' வராமல் 'ஆ' வருகிறது என்பதே போதுமான அடையாளம். இந்தச் சோதனையை எந்த ஆங்கில இலக்கணப் புத்தகமும் நமக்குத் தர முடியாது. தமிழ் தெரிந்தவருக்கு மட்டுமே கிடைக்கும் வசதி இது.

நடந்து முடிந்ததை மாற்றிச் சொல்வது

கவுனி அரிசியை முதல் நாள் இரவே ஊறவைக்க வேண்டும். காலையில் வந்து மதியச் சாப்பாட்டுக்கு அதைக் கேட்கும் விருந்தினரிடம், "நேற்றே சொல்லியிருந்தால் செய்திருப்போமே" என்கிறார் சமையற்கட்டு ஆச்சி. 'சொல்லியிருந்தால்', 'செய்திருப்போம்' ஆகிய இரண்டு வினைகளும் ஆங்கிலத்தோடு அப்படியே பொருந்துகின்றன: "இஃப் யூ ஹேட் டோல்ட் அஸ் யெஸ்டர்டே, வீ வுட் ஹேவ் மேட் இட்." தமிழில் 'இருந்தால்' சேரும் இடத்தில் 'ஹேட்', 'இருப்போம்' சேரும் இடத்தில் 'வுட் ஹேவ்' என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் பிழை வராது. இப்பகுதி நமக்கு மிக எளிதாக இருக்க வேண்டும்.

ஆனாலும் "இஃப் யூ வுட் ஹேவ் டோல்ட் அஸ்" என்று இரு பகுதியிலும் 'வுட்' போடுவது பரவலாக இருக்கிறது. அமெரிக்கப் பேச்சில் இதைக் கேட்கலாம் என்றாலும் எழுத்தில் ஏற்கப்படுவதில்லை. ஒலிப்பில் ஒரு செய்தி: 'வுட் ஹேவ்' என்பதை வேகமாகப் பேசுவோர் 'வுடவ்' என்று ஒலிப்பார்கள். காதால் மட்டும் கேட்டு அதை 'வுட் ஆஃப்' என்று எழுதிவிடக்கூடாது.

நிபந்தனை இறந்தகாலத்திலும் விளைவு நிகழ்காலத்திலும் இருக்கும் வாக்கியம், வழிகாட்டிகளுக்கு அன்றாடம் தேவைப்படும். செட்டிநாட்டு வீடுகளின் கதையே அப்படிப்பட்டதுதான். பர்மா, இலங்கை, மலேயா நாடுகளில் நகரத்தார் நடத்திய வட்டித் தொழிலிலும் வணிகத்திலும் ஈட்டிய செல்வம் இந்த முகப்புகளாகவும் பர்மாத் தேக்குத் தூண்களாகவும் நிற்கிறது. ஒரு தூணைக் காட்டி, "இஃப் மை கிரேட்கிராண்ட்ஃபாதர் ஹேட் நாட் கான் டு பர்மா, திஸ் ஹவுஸ் வுட் நாட் பீ ஹியர் டுடே" என்று சொல்லலாம். போனது அன்று, நிற்பது இன்று; ஆகையால் முதல் பகுதியில் 'ஹேட் நாட் கான்', இரண்டாம் பகுதியில் 'ஹேவ்' சேராத 'வுட் நாட் பீ'. பள்ளி வாய்பாட்டை அப்படியே பிடித்துக்கொண்டால் இந்த வாக்கியத்தை அமைக்கவே முடியாது. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் புகுந்தபோது சொத்துக்களை விட்டுவிட்டுத் திரும்பியவர்களின் கதையைச் சொல்லும்போதோ, விளைவும் அன்றே முடிந்துபோனது என்பதால், "இஃப் தி வார் ஹேட் நாட் கம், தே வுட் ஹேவ் ஸ்டேய்ட்" என்று முழுவதும் இறந்தகாலமாக வரும்.

'இஃப்' இல்லாமலே நிபந்தனை

எழுத்து ஆங்கிலத்தில் 'இஃப்' என்ற சொல்லை நீக்கிவிட்டு, துணைவினையை முன்னால் கொண்டுவரும் வழக்கம் உண்டு. 'வேர்', 'ஹேட்', 'ஷுட்' ஆகிய மூன்றோடுதான் இது பெரும்பாலும் வரும். விடுதி அறையில் வைக்கும் அட்டையில் "ஷுட் யூ நீட் எனிதிங், ப்ளீஸ் கால் தி ரிசப்ஷன்" என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏதேனும் தேவைப்பட்டால் என்பதே அதன் பொருள், 'வேண்டும்' என்ற கட்டாயம் அதில் இல்லை. "ஹேட் வீ நோன், வீ வுட் ஹேவ் கெப்ட் எ கிரவுண்ட் ஃப்ளோர் ரூம்" என்பது வருத்தம் தெரிவிக்கும் கடிதத்துக்கு ஏற்ற தொடக்கம். "வேர் தி ஹவுஸ் மைன், ஐ வுட் நாட் செல் தி டோர்ஸ்" என்பதைப் பழம்பொருள் கடைக்காரர் ஒருவர் சொல்லிக் கேட்டால் நம்புவது கடினம். ஆனால் இலக்கணம் சரி.

எதிர்மறையில் 'நாட்' எழுவாய்க்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். காரைக்குடியில் 1948இல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையத்துக்கு நிலமும் நிதியும் கொடுத்தவர் அழகப்பச் செட்டியார். இதைச் சொல்லும் வழிகாட்டி, "ஹேட் இட் நாட் பீன் ஃபார் அழகப்பச் செட்டியார், தி இன்ஸ்டிட்யூட் வுட் நாட் ஹேவ் கம் டு காரைக்குடி" என்று சொல்லலாம். 'ஹேடன்ட் இட் பீன்' என்று சுருக்கக்கூடாது. பேச்சில் இந்தத் தலைகீழ் அமைப்பை அடிக்கடி கையாண்டால் மேடைப் பேச்சுப் போலத் தோன்றும். கடிதத்துக்கு ஒதுக்கி வையுங்கள்.

'இஃப் நீட் பீ', 'கம் வாட் மே', 'பீ தட் ஆஸ் இட் மே' ஆகியவை பழைய சப்ஜங்டிவ் வடிவங்கள் உறைந்துபோன தொடர்கள். பிரித்துப் பார்க்காமல் அப்படியே கற்றுக்கொள்ளலாம். 'லாங் லிவ்' என்பதும் இந்த இனமே. நம் வியங்கோளான 'வாழ்க' செய்யும் வேலையைத்தான் அது செய்கிறது. 'ஐ விஷ்', 'ஆஸ் இஃப்' ஆகியவற்றுக்குப் பின்னும் நடவாத நிலையானால் 'வேர்' வரும்: "ஐ விஷ் தி டேங்க் வேர் ஃபுல்." ஊருணி வற்றிக் கிடக்கிறது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பழகும் முறை

ஒரு நாளில் நீங்கள் தமிழில் சொல்லும் 'ஆல்' வாக்கியங்களில் சிலவற்றை அன்று மாலை எழுதி வையுங்கள். புத்தகத்தில் உள்ள பயிற்சியைவிட இது பலன் தரும். ஏனென்றால், சொன்னபோது அது நடக்கும் என்று நினைத்தீர்களா என்பது உங்களுக்குத்தான் தெரியும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நேரே 'நடக்கலாம்', 'இப்போது இல்லை', 'முடிந்துவிட்டது' ஆகியவற்றில் ஒன்றை எழுதிவிட்டு, அதன்பிறகே ஆங்கிலத்துக்குச் செல்லுங்கள். சென்னையிலிருந்து வரும் பல்லவன் ரயில் தாமதமானால் சாப்பாட்டை எடுத்து வைப்போம் என்பது 'நடக்கலாம்': "இஃப் தி பல்லவன் இஸ் லேட், வீ வில் கீப் டின்னர் ஃபார் யூ." இன்னும் இரண்டு அறை இருந்தால் உங்கள் நண்பர்களையும் தங்க வைக்கலாம் என்பது, விடுதி நிரம்பியிருக்கும் நாளில், 'இப்போது இல்லை': "இஃப் வீ ஹேட் டூ மோர் ரூம்ஸ், யுவர் ஃப்ரெண்ட்ஸ் குட் ஸ்டே டூ." 'வுட்' வரும் இடத்தில் இயலும் என்ற பொருளுக்கு 'குட்' வரலாம் என்பதையும் இதிலேயே கவனித்துக்கொள்ளுங்கள்.

மின்னஞ்சலை அனுப்புவதற்கு முன்னால் 'இஃப்' உள்ள ஒவ்வொரு வாக்கியத்தையும் ஒருமுறை திரும்பப் படித்து, இஃப் பகுதிக்குள் 'வில்' அல்லது 'வுட்' தவறி நுழைந்திருக்கிறதா என்று பாருங்கள். மரியாதைக்காக வைத்ததாக இல்லாவிட்டால் அதை எடுத்துவிடலாம். இஃப் பகுதி முன்னால் வந்திருந்தால் அதன் முடிவில் காற்புள்ளி இடுங்கள். பின்னால் வந்திருந்தால் பொதுவாகத் தேவையில்லை.